கடற்கரையின் ஆங்கிலம்: சொல்லும் தொடரும்

அன்றாட ஆங்கிலச் சொற்களையும் தொடர்களையும் புத்தளம், கற்பிட்டி, சிலாபம் பக்கத்து நம் கரையோர மக்கள் எப்படிக் கற்க வேண்டும் என்பது இன்றைய பொருள். நீங்கள் அமர்ந்திருக்கும் கதிரையிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம். கதிரை என்பது போர்த்துக்கேயச் சொல். பின்வரிசையில் இருப்பவர்களின் வாங்கும் போர்த்துக்கேயம். என் முன்னால் இருக்கும் மேசை, காற்று வரத் திறந்துவைத்த யன்னல், வாசலில் கழற்றிவைத்த சப்பாத்து, சட்டைப்பையில் மடித்துவைத்த லேஞ்சி, காலையில் தின்ற பாண், அதைப் பூட்டிவைத்த அலமாரி எல்லாம் அந்த மொழியிலிருந்து வந்தவைதாம். கோப்பியும் கந்தோரும் நொத்தாரிசும் கற்பிட்டிக் கோட்டையைக் கட்டிய ஒல்லாந்தர் விட்டுப்போனவை. ஆனால் இந்த மண்டபத்தில் ஒரு போர்த்துக்கேய வாக்கியம் சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? ‘எனக்கு ஒரு கதிரை வேண்டும்’ என்பதை அந்த மொழியில் சொல்ல நமக்குத் தெரியாது. புத்தளத்துக்கு அருகே சிராம்பியடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளி மக்களிடம் நிலைமை வேறு. போர்த்துக்கேயக் கிரியோல் மொழியின் முழு வரிகள் அவர்களுடைய மஞ்சாப் பாட்டுகளில் இன்றும் இருக்கின்றன. நமக்குச் சொற்கள் கிடைத்தன. அவர்களிடம் வரிகள் தங்கின.

இன்று நான் நிறுவ விரும்பும் கருத்து இந்த வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது. ஒரு மொழியின் சொற்கள் எத்தனை நம் வாயில் புழங்கினாலும் அந்த மொழி நமக்கு வந்துவிடுவதில்லை. ஆங்கிலத்திலும் நாம் இதே நிலையில்தான் நிற்கிறோம். கற்பிட்டிப் பக்கத்து மீன்வாடி ஒன்றில் காது கொடுத்துக் கேளுங்கள்: எஞ்சின், பிளக், ஒயில், ஐஸ், லொறி, பில், அட்வான்ஸ். வைத்தியசாலையில் வார்ட், கிளினிக், நம்பர், ரிப்போர்ட். பஸ்ஸில் டிக்கட், ஹோல்ட், கொண்டக்டர். கையிலுள்ள ஃபோனில் ரீலோட், டேட்டா, சார்ஜ். தனக்கு ஆங்கிலமே தெரியாது என்று கூச்சத்தோடு சொல்பவரும் காலை முதல் இரவு வரை இத்தனை ஆங்கிலச் சொற்களைத் தட்டுத்தடங்கல் இல்லாமல் பேசுகிறார். ஆனால் அவை நம்மிடம் வந்ததும் தமிழாகிவிட்டன. போட்டுக்கு, லொறியில, பஸ்ஸால என்று வேற்றுமை உருபு ஏற்கின்றன. வினையாக வேண்டுமென்றால் கட் பண்ணு, லேட்டாகு என்று நம் வினையின் தோளைப் பிடித்துத்தான் நடக்கின்றன. பொருளும் இடம் மாறியிருக்கிறது. ஹோட்டல் எங்கே என்று கேட்கும் பயணிக்கு நாம் சாப்பாட்டுக் கடையைக் காட்டுகிறோம். அவர் தேடுவது இரவு தங்கும் இடத்தை. எரிபொருள் நிரப்பும் இடத்தைப் பெற்றோல் செட் என்று சொன்னால் இங்கிலாந்துக்காரருக்குப் பெற்றோல் வைத்த கொட்டகைதான் மனத்தில் தோன்றும். இந்த நிலையில் பாடசாலையில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ப்பொருள், நாளைக்கு இருபது சொல் மனனம் என்று கொப்பியை நிரப்புகிறோம். நம்மிடம் ஏற்கெனவே உள்ள வகைச் சரக்கையே மேலும் சேர்க்கிறோம். நூல் எத்தனை கட்டு வாங்கினாலும் முடிச்சு விழாமல் வலை ஆகாது என்பதைக் கரையில் உள்ளவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

முடிச்சு என்று நான் சொல்வது தொடரை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை டொல்பின் பார்க்க வருவோரை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போகும் போட் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பக்கவாட்டில் அலை எழுகிறது. பயணி ஒருவர் ‘லுக் அவுட்’ என்று கத்துகிறார். லுக் என்றால் பார், அவுட் என்றால் வெளியே என்று கொப்பியில் எழுதிப் படித்தவர் வெளியே எட்டிப் பார்ப்பார். அவர் சொன்னதோ ‘கவனம், ஆபத்து’ என்று. ‘ஹோல்ட் ஓன்’ என்றால் ஓரிடத்தில் கெட்டியாகப் பிடித்துக்கொள், இன்னோரிடத்தில் கொஞ்சம் பொறு. நாளைப் பயணம் ‘கோல்ட் ஓஃப்’ என்றால் யாரையும் யாரும் கூப்பிடவில்லை. பயணம் கைவிடப்பட்டது என்றே பொருள். இது ஆங்கிலத்தின் கோணல் என்று எண்ண வேண்டாம். நாமும் ‘பார்த்துப் போ’ என்கிறோம். ‘சொல்லிப்போட்டேன்’ என்னும்போது எதையும் எங்கும் போடவில்லை. ‘வந்துவிட்டான்’ என்பதில் எதையும் விடவில்லை. தமிழ் கற்கும் வெளிநாட்டவர் அகராதியில் ‘விடு’ என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு இந்த வாக்கியத்தைப் புரிந்துகொள்ள முடியாது. எந்த மொழியிலும் மிகச் சாதாரணமான சொற்களே இப்படித் தொடருக்குள் போய்த் தம் பொருளை மாற்றிக்கொள்கின்றன.

பொருள் மாறுவதைவிட நடைமுறையில் அதிகம் கேடு செய்வது பதில் சொல்லும் முறை. ‘எஞ்சின் வேலை செய்யவில்லையா?’ என்று தமிழில் கேட்டால், வேலை செய்யாதபோது ‘ஓம், வேலை செய்யல்ல’ என்கிறோம். கேட்டவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் இதே நிலைக்கு ‘நோ’ என்றே தொடங்க வேண்டும். நம்மவர் ‘யெஸ்’ என்றால் எஞ்சின் ஓடுகிறது என்று எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்வார். யெஸ், நோ இரண்டும் நாம் முதன்முதலில் கற்ற ஆங்கிலச் சொற்கள். அவற்றின் பொருள் தெரியாதவர் இந்தக் கரையில் இல்லை. தெரிந்தும் கடலில் நின்று எதிர்மாறான செய்தியைச் சொல்லிவிடுகிறோம். மரியாதையும் இப்படித்தான். ‘தண்ணி தாங்க’ என்பதில் மரியாதை வினையின் வாலில் இருக்கிறது. அதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கி ‘கிவ் வோட்டர்’ என்றால் வால் அறுந்து கட்டளை மட்டும் மிஞ்சுகிறது. ஆங்கிலத்தில் மரியாதை ‘குட் யூ’, ‘மே ஐ’, ‘வுட் யூ மைண்ட்’ என்று வாக்கியத்தின் முகப்பில் குடியிருக்கிறது. பண்பில் குறைவில்லாத நம் பிள்ளை இதை அறியாததால் முரடன் என்று பெயர் வாங்குகிறான். ‘எங்க போறீங்க?’ என்று வழியில் கேட்பது நமக்கு முகமன். ஆங்கிலத்தில் அப்படியே கேட்டால் அந்நியர் தன்னை வேவு பார்ப்பதாக நினைக்கலாம். ‘சாப்பிட்டீங்களா?’ என்பது நமக்கு அன்பு. அவர் அதை விருந்துக்கான அழைப்பு என்று எண்ணிக் காத்திருக்கலாம். ‘போய்ட்டு வாறன்’ என்பதை ‘ஐ வில் கோ அண்ட் கம்’ என்றால் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கேட்பார். இந்த இடங்களில் ஒன்றிலாவது சொல் தெரியாத குறை இருக்கிறதா? எல்லாச் சொல்லும் தெரியும். எந்தத் தருணத்துக்கு எந்தத் தொடர் என்பது தெரியவில்லை.

சொல்லைவிடத் தொடரே மொழியைத் தரும் என்பதற்கு இந்தக் கரையின் வரலாற்றிலும் சான்று உண்டு. 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல், தம் இருபத்தேழாம் வயதில், இலங்கைத் தீவு முழுவதன் ஊர்களையும் இடங்களையும் பற்றிய சிலோன் கசற்றியர் என்னும் நூலை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். 1838இல் சட்டசபையின் உறுப்பினரானார். பின்னர் சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாக இருந்தார். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தமிழ் புளூட்டாக் என்ற பெயரில் 1859இல் ஆங்கில உலகுக்குத் தந்தவரும் அவரே. அவர் பல மொழிகள் அறிந்த மேதை என்று புகழ்ந்துவிட்டு நாம் கடந்துபோகிறோம். அவர் எங்கே தொடங்கினார் என்று பார்ப்பதில்லை. பதினேழு வயதளவில் கற்பிட்டி நீதவான் மன்றில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தார். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் சொல்லுக்குச் சொல் வைத்துப் பிழைக்க முடியாது. சாட்சி ஒரு கூற்றைச் சொன்னதும் அதே கூற்று முழுதாக மறு மொழியில் நீதவானின் காதில் விழ வேண்டும். தவறினால் ஒரு மனிதன் சிறைக்குப் போவான். ஒவ்வொரு நாளும் முழுக் கூற்றுகளை, அவை சொல்லப்பட்ட சூழலோடு, பொறுப்போடு கையாண்டதே அந்த இளைஞரின் கல்லூரி என்று நான் கருதுகிறேன். வசதியும் செல்வாக்கும் உள்ள குடும்பத்தில் அவர் பிறந்தார் என்பதை மறைக்கவில்லை. ஆனால் அதே வசதியோடு பிறந்த எத்தனையோ பேர் கசற்றியர் எழுதவில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். சொற்பட்டியலுக்கு ஆய்வின் ஆதரவு இருக்கிறதே என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். உண்மைதான். பிரித்தானிய இந்தியாவில் டாக்காவில் பணியாற்றிய மைக்கல் வெஸ்ட், வங்காள மாணவர்களின் தேவையைக் கண்டு, எந்தச் சொற்களை முதலில் கற்பிப்பது என்ற கேள்வியில் வாழ்நாளைச் செலவிட்டார். 1953இல் அவர் வெளியிட்ட பொதுப்பயன் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 தலைச்சொற்கள் உள்ளன. பிற்காலத்தில் நியூசிலாந்து அறிஞர் போல் நேஷன் கணக்கிட்டபடி, ஏறத்தாழ 3,000 சொற்குடும்பங்கள் அறிந்தவருக்குப் பேச்சு ஆங்கிலத்தில் 95 சதவீதம் அறிமுகமானதாக இருக்கும். இந்தக் கணக்குகளை நான் ஏற்கிறேன். ஆனால் அந்தப் பட்டியல்களில் மிக அடிக்கடி வரும் வினைச்சொற்கள் சிலவற்றைப் பாருங்கள்: கெட், டேக், புட், ஹாவ், கோ, கம். கெட் என்பதற்கு நம் கொப்பியில் ‘பெறு’ என்று எழுதியிருக்கிறோம். ‘கெட் இன்’ என்றால் போட்டில் ஏறுங்கள்; ‘கெட் ஓஃப்’ என்றால் பஸ்ஸிலிருந்து இறங்குங்கள்; ‘கெட் அப்’ என்றால் எழும்புங்கள்; ‘கெட் வெட்’ என்றால் நனைவது. இதில் எங்கே பெறுவது? வெஸ்ட் இதை அறியாதவர் அல்லர். அவருடைய நூலில் ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் பொருள்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்ற கணக்கும் உண்டு. நாம் பட்டியலை எடுத்துக்கொண்டு அந்தக் கணக்கை விட்டுவிட்டோம். அண்ட்ரூ போலியும் ஃபிரான்சிஸ் சைடரும் 1983இல் எழுதிய கட்டுரை ஒன்று இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. தாய்மொழியில் பேசுபவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் சொல் சொல்லாகக் கட்டி எழுப்புவதில்லை. ஆயிரக்கணக்கான ஆயத்தத் தொடர்களை நினைவில் வைத்திருந்து அவற்றைத் தேவைக்கேற்பத் திருத்திக்கொள்கிறார். தடையின்றிப் பேச முடிவது அதனால்தான் என்பது அவர்களுடைய வாதம். நம் வீடுகளில் நடக்கும் பேச்சை ஒரு மாலைநேரம் கவனித்தாலே அதில் உண்மை இருப்பது தெரியும்.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்றை நானே முன்வைக்கிறேன். தொடரை முழுதாக மனனம் செய்தால் மொழி வந்துவிடுமா? நம் பிள்ளைகள் சிறுவயதிலேயே குர்ஆன் வசனங்களை அழகாக ஓதுகிறார்கள். முன்னேசுவரம் கோயிலில் வடமொழி மந்திரங்கள் ஒலிக்கின்றன. ஒரு காலத்தில் இக்கரையின் கத்தோலிக்கத் தேவாலயங்களில் பூசை முழுவதும் லத்தீனில் நடந்தது. ஓதுவதால் மட்டும் அரபியிலோ வடமொழியிலோ உரையாட யாருக்கும் வருவதில்லையே? இந்தக் கேள்வி என் கருத்தைத் திருத்துகிறது, அதற்காக அதை வரவேற்கிறேன். ஓதுதலின் நோக்கம் வழிபாடு. அங்கே ஓர் எழுத்தும் மாறக் கூடாது. மாறாமல் காப்பதே அதன் சிறப்பு. அன்றாடத் தொடர் இதற்கு நேர்மாறானது, மாறுவதற்கென்றே பிறந்தது. ‘குட் யூ பாஸ் த ரோப், ப்ளீஸ்’ என்று கயிற்றைக் கேட்கக் கற்றவர், ரோப் இருந்த இடத்தில் பக்கட்டை வைக்கவும் லைஃப் ஜாக்கட்டை வைக்கவும் பழக வேண்டும். அப்போது இலக்கணம் தனிப் பாடமாக வராமலே உள்ளே இறங்குகிறது. இதற்கான சான்றும் அந்தப் பிள்ளைகளின் வீடுகளிலேயே இருக்கிறது. வளைகுடா நாடுகளில் வேலை செய்து திரும்பிய பெண்கள் நம் ஊர்களில் ஏராளம். வென்னப்புவ, மாரவில பக்கத்திலிருந்து இத்தாலிக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்றால், வென்னப்புவவுக்குச் சின்ன இத்தாலி என்ற பெயரே வந்துவிட்டது. இவர்களில் பலர் அரபியையோ இத்தாலிய மொழியையோ போவதற்கு முன் ஒரு பாடமாகப் படித்தவர்கள் அல்லர். அடுப்படியிலும் முதியோரின் கட்டிலருகிலும் சந்தையிலும், ஒரு வேலைக்கு ஒரு தொடராகக் கேட்டு, அதையே அடுத்த வேலைக்கு மாற்றிச் சொல்லிக் கற்றார்கள். வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒரு தாயிடம், வசனங்களாக மனனம் செய்த அரபியும் வேலைசெய்து கற்ற அரபியும் ஒரே நாவில் இருக்கின்றன. உரையாட உதவியது இரண்டாவது. மூன்றாம் தரத்திலிருந்து சாதாரண தரம் வரை ஒன்பது ஆண்டு ஆங்கிலம் படித்த பிள்ளை ஒரு பயணிக்கு வழி சொல்லத் தயங்குவதையும், அந்தத் தாய் சில மாதங்களில் பேசத் தொடங்கியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, குறை பிள்ளையின் மூளையில் இருப்பதாக எவராலும் சொல்ல முடியாது.

அப்படியானால் ஏவல் செய்பவரின் ஆங்கிலத்தையா கற்கச் சொல்கிறீர்கள் என்று அடுத்துக் கேட்பார்கள். இந்தக் கேள்விக்குப் பின்னால் நீண்ட வலி இருக்கிறது. பல்கலைக்கழகச் சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்கு ‘கடுவ’ என்று பெயர் வைத்தார்கள். வாள் என்று பொருள். இல்லாதவனை வெட்டி ஒதுக்கும் கருவி என்று அவர்கள் அதை உணர்ந்தார்கள். தொடர்த் தொகுப்பு யார் கையில் இருக்கிறதோ அவருடைய ஆட்சியும் அதில் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்த இளம் வெள்ளைக்காரத் துரைகளுக்காக ஏ. எம். ஃபெர்குசன் கொழும்பில் ஒரு தமிழ்க் கையேடு வெளியிட்டார். சின்னத்துரையின் சட்டைப்பை வழிகாட்டியான அதற்கு அவர் இட்ட தலைப்பு ‘இங்கே வா’. தொழிலாளியிடம் பேசத் துரைக்கு எது தேவைப்பட்டது என்பதை அந்த இரண்டு சொற்களே காட்டிவிடுகின்றன. நாம் தொகுக்கும் ஆங்கிலத் தொடர்கள் ‘யெஸ் சேர்’, ‘வெல்கம் மேடம்’ என்பவற்றோடு நின்றால் அது அந்தக் கையேட்டின் மறுபக்கம்தான். ஆகவே முதல் நாள் பாடத்திலேயே மறுக்கும் தொடர்களும் உரிமை கேட்கும் தொடர்களும் இருக்க வேண்டும். நாம் பேசிய விலை இதுவல்ல. கடல் சரியில்லை, இன்று போக முடியாது. வாசித்துப் பார்க்காமல் கையெழுத்து வைக்க மாட்டேன். மெதுவாகச் சொல்லுங்கள். எழுதித் தாருங்கள். என் கடவுச்சீட்டைத் திருப்பித் தாருங்கள். சம்பளம் இரண்டு மாதமாக வரவில்லை. இவற்றை ஆங்கிலத்தில் பணிவும் உறுதியும் குறையாமல் சொல்லத் தெரிந்த பெண்ணை ஏவல்காரி என்று யாரும் நடத்திவிட முடியாது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த மொழியியலாளர் சுரேஷ் கனகராஜா, ஆங்கிலக் கற்பித்தலின் ஆதிக்கம் பற்றி 1999இல் எழுதிய நூலில், அங்குள்ள மாணவர்கள் ஆங்கிலத்தைத் தள்ளவும் இல்லை, கொடுத்தபடி விழுங்கவும் இல்லை, தமக்கேற்றபடி வளைத்துக்கொண்டார்கள் என்று காட்டினார். நம் கரையும் அப்படிச் செய்ய முடியும்.

தமிழ் என்னாகும் என்ற கவலையை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சிலாபத்துக்குத் தெற்கே நீர்கொழும்பு வரையான மீனவ ஊர்களில் ஒரு காலத்தில் தமிழ் வீட்டு மொழியாக இருந்தது. பாடசாலையின் மொழி சிங்களமானபோது சில தலைமுறைகளுக்குள் வீட்டு மொழியும் அதன் பின்னால் போனது. உடப்பு என்ற ஊரில் தமிழ் நிலைத்திருப்பதற்கு அங்கே பாடசாலையும் கோயிலும் தமிழில் நடப்பது ஒரு பெருங்காரணம். இதிலிருந்து நான் கற்பது என்னவென்றால், இன்னொரு மொழியைப் பேசக் கற்பதால் தாய்மொழி அழிவதில்லை. கணிதமும் வரலாறும் எந்த மொழியில் நடக்கின்றனவோ அந்த மொழி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 2000களின் தொடக்கத்திலிருந்து அரச பாடசாலைகளில் மீண்டும் வந்துள்ள ஆங்கிலமொழிமூல வகுப்புகளை நாடும் பெற்றோர், பிள்ளைக்குப் பேச்சு ஆங்கிலம் வர வேறு வழியில்லை என்று நம்புவதாலேயே பெரும்பாலும் அதை நாடுகிறார்கள். பேச்சு ஆங்கிலத்தைத் தொடர்களாக நன்றாகக் கற்பித்துவிட்டால் விஞ்ஞானத்தைத் தமிழில் படிப்பதற்கு இருக்கும் பெரிய தடை நீங்கும். பரீட்சை பற்றியும் கேட்பீர்கள். தொடர் தெரிந்த பிள்ளை வினாத்தாளில் இடைவெளி நிரப்பத் திணறுவதில்லை. சொல் மட்டும் தெரிந்த பிள்ளை திணறுகிறது. அதற்கு மேல் அதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

ஆகவே இங்கு வந்திருப்பவர்களிடம் ஒரு வேலையைக் கேட்டுக்கொள்கிறேன். போட் ஓட்டுபவர்கள், உப்பளத்திலும் இறால் பண்ணையிலும் வேலை செய்பவர்கள், தாதியர், முச்சக்கரவண்டிச் சாரதிகள், வெளிநாடு போய் வந்த பெண்கள், நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் தொழிலில் அடிக்கடி சொல்ல வேண்டிய ஐம்பது கூற்றுகளைத் தமிழில் எழுதித் தாருங்கள். சொற்களாக எழுதாதீர்கள், வாய்ப்பேச்சில் எப்படி வருமோ அப்படி, யாரிடம் எந்த நேரத்தில் சொல்வது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மறுப்பதையும் கோபத்தையும் விடாதீர்கள். ஆங்கில ஆசிரியர்களே, அந்தக் கூற்றுகளுக்கு நேர்மையான ஆங்கிலத் தொடர்களைத் தேடித் தருவது உங்கள் பொறுப்பு. ஒலி தவறாமல் இருக்க அவற்றை ஃபோனில் பதிவு செய்தும் கொடுங்கள். கற்பிட்டியில் அடுத்த டொல்பின் பருவம் நவம்பரில் தொடங்குகிறது. முதல் கொப்பி அதற்கு முன் போட்காரர்களின் கையில் இருக்க வேண்டும்.